இருபது செடி அகலத்தில் ஒரு வீடு

வேலை முடிந்து வந்த அப்பா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வாசலில் வைத்துவிட்டு, "வீட்டுத் திட்டத்துல நமக்குக் காணி காட்டிட்டாங்க" என்றார். தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் மலையில் நாலு மூலைக்கும் முளை அடித்திருக்கிறார்களாம். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். அண்ணி பிள்ளையோடு வந்தாள். அண்ணன் எத்தனை அறை என்று கேட்டான். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு ஒரு கதவு இருக்குமா?"

அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது. இந்த வீட்டை நானே வரைந்துவிட வேண்டும்.

அக்கா ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். லயத்தில் எங்கள் ஏழு பேருக்கும் ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதில் ஒரு மூலையில் சேலையைக் கட்டித் திரையாக்கி அவள் படுக்கிறாள். அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை இருமிவிட்டுத்தான் போவான். "அங்கயும் சாமான் ரூம்லதான் படுத்தேன். ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சு" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். இங்கே அதுவும் கிடைக்காது என்றால் மறுபடி ஏஜென்சிக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எனக்கு வேறு வேலையும் இல்லை. போனில் வீடு வரையும் செயலி ஒன்றை இறக்கினேன். காணி எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் அடியில் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்த மலையில் கவ்வாத்து வெட்டியவர்.

"கீழருந்து மேல பன்னெண்டு நெர. நெரைக்கு இருபது செடி."

"செடிக்கும் செடிக்கும் எவ்வளவுப்பா?"

"நாலடி."

எண்பது அடி அகலம், நாற்பத்தெட்டு அடி நீளம்! அன்றைக்கே வரைய ஆரம்பித்தேன். அண்ணன் குடும்பத்துக்கு ஓர் அறை, அம்மா அப்பாவுக்கு ஓர் அறை, கிழக்கே பார்த்து அக்காவுக்கு ஓர் அறை. போகிற போக்கில் எனக்கும் படிக்க ஒன்று. "இஞ்சினியரம்மா, என் ரூமுக்கு லிப்ட் வைப்பீங்களா?" என்றான் அண்ணன். அக்கா சிரிக்கவில்லை. போனை வாங்கி, தன் அறையை விரலால் பெரிதாக்கி, "கட்டில இந்தச் செவத்தோரம் போடலாம்" என்றாள். குவைத்திலிருந்து வந்த பிறகு அவள் எதிலும் அப்படி ஆசை காட்டியதில்லை.

காணி ஏழு பேர்ச்சஸ் என்று எல்லாரும்தான் சொன்னார்கள். அது எத்தனை சதுர அடி என்று ஒருமுறை தேடிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

அளக்க வந்த அதிகாரி டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனைக்கு நடந்தார். சீக்கிரமே நின்றுவிட்டார். நாற்பது அடி. முளை இன்னும் தள்ளி இருக்கும், போங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அவர் காலடியில் முளை இருந்தது.

அப்பா பக்கத்தில் வந்தார். "நெரைக்கும் நெரைக்கும்தானே நாலடி. நெரைக்குள்ள செடிக்குச் செடி ரெண்டடி. நீ நெரையத்தான் கேக்குறன்னு நெனச்சேன்." என் வீடு பாதியாகிவிட்டது. மேடு ஏறும் பக்கம் நாற்பத்தெட்டு அடி இருந்தது, ஆனால் அது சரிவு. மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, பின்னால் மண் சரியாமல் இடம் விட்டால், அந்தப் பக்கமும் சுருங்கிவிடும்.

இருந்தாலும் போனை நீட்டி, மூன்றாவது அறைக்கு மட்டும் இடம் கேட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். தன் பையிலிருந்த தாளை விரித்தார். திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம். இரண்டு அறை, ஒரு ஹால், அடுப்படி, கழிவறை.

"நங்கி, மே ப்ளேன் எக வெனஸ் கரன்ன பே" என்றார். தங்கச்சி, இந்த வரைபடத்தை மாற்ற முடியாது என்று அர்த்தம். தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொன்னேன். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, திரும்பவும் அதே வாக்கியத்தைச் சொன்னார்.

வீட்டில் அம்மா உடனே தீர்ப்புச் சொன்னாள். "நானும் அப்பாவும் ஹால்ல படுத்துக்குறோம். அவ ரூம எடுத்துக்கட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் பனியில ஹால்ல கெடக்க, நான் கதவச் சாத்திட்டுப் படுக்கவா?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அது எப்போது காலாவதியாகிறது என்று பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருக்கலாம். "நீ நல்லாத்தான் வரைஞ்ச" என்றாள். இல்லாத இடத்தில் அவளுக்கு அறை கட்டிக் காட்டியது நான்தான்.

நேற்று அத்திவாரத்துக்கு நூல் கட்டினார்கள். அடுப்படிக்கென்று கட்டிய கட்டத்துக்குள் இறங்கி அளந்தேன், இந்த முறை டேப்பால். எட்டடிக்கு ஆறடி. ஒரு கட்டில் போடலாம், பெட்டியும் வைக்கலாம். அம்மா எப்படியும் விறகடுப்பை விடப்போவதில்லை. பின்னால் தகரம் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கினால் சமையல் அங்கே போய்விடும், இது அக்காவுக்கு அறையாகிவிடும். ஆனால் வரைபடத்தில் அடுப்படிக்குக் கதவு நிலை கிடையாது, வெறும் திறப்புத்தான். சுவர் எழும்பும்போதே நிலை வைக்காவிட்டால் பிறகு உடைக்க வேண்டும், உடைக்க விடமாட்டார்கள்.

அக்காவுக்கு ஏஜென்சியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், வியாழக்கிழமை, அந்த அதிகாரி ராகலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு வருகிறாராம். முதல் பஸ்ஸில் போய் அவரைப் பிடிக்கப் போகிறேன். அறை என்ற பேச்சையே எடுக்கப்போவதில்லை. புகை ஹாலுக்குள் வரும், அடுப்படிக்கு ஒரு நிலை வேண்டும் என்று மட்டும் கேட்பேன். அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று ராகலை பஸ் நடத்துநரிடம் போகிற வழியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.