கெய்த்தான் அடித்த கோல்

எங்கள் ஊர் எஸ்கார்வில்லில் 'அவன்' என்றால் ஒருவன்தான். கெய்த்தான் நோவிக்கி என்ற முழுப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. தவறிச் சொல்லிவிட்டால், பீர் குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்ப்பான். நான் ஜில்பேர், ஸ்டேடியத்துக்கு நேர் எதிரே பார் நடத்துகிறேன். அவனைக் கைக்குழந்தையாகத் தள்ளுவண்டியில் வைத்து என் கடை வாசலில் தள்ளிக்கொண்டு போன காலத்திலிருந்து தெரியும். அதனால் நான் பெயர் சொல்லியே சொல்கிறேன்.

அவன் அப்பா ஸ்தான் நகராட்சியில் சாலை போடும் வேலை. பாட்டனார் காலத்தில் போலந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். சுரங்கம் மூடிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. ஸ்தான் வாய் திறக்காத மனிதர். வாரமெல்லாம் பேசாமல் அடக்கி வைத்ததைச் சனிக்கிழமை, ஊர்க் கால்பந்து கிளப் ஆடும்போது, ஸ்டேடியத்தில் டிரம் அடித்துத் தீர்த்துக்கொள்வார். ரசிகர்கள் நிற்கும் வடக்கு ஸ்டாண்டில், கம்பி வேலியை ஒட்டி அவர் இடம். அவர் முதல் அடி அடிக்காமல் ஸ்டாண்டில் பாட்டுத் தொடங்காது. அம்மா மரீஸ் அதே கிளப்பின் கேன்டீனில் சமையல். ஆக, அந்த வீட்டில் மூன்று பேரும் கிளப்பின் சொத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

பையனை எட்டு வயதிலேயே கிளப்பின் பயிற்சி அகாடமியில் சேர்த்தார்கள். மற்ற பையன்கள் பந்தை உதைத்தால் 'தொப்'பென்று கேட்கும். இவன் இடது காலால் உதைத்தால் சத்தமே வராது; பந்து தானாகப் போக நினைத்துப் போனதுபோலப் போகும். அது பொறுக்காத சில பையன்கள், "என்னடா, பந்தாட வந்தியா, உங்கம்மாவுக்குக் கேரட் சீவ வந்தியா?" என்று கேலி செய்வார்கள். மரீஸ் அதற்குப் பயந்து, கேன்டீனில் சாப்பாடு போடும்போது தன் மகன் தட்டில் மட்டும் கறித்துண்டைக் குறைத்தே வைப்பாள். "அம்மா, நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று அவன் கேட்க, "நல்லா ஆடுற பாவம்தான். நகருடா, பின்னாடி ஆள் நிக்குது" என்பாள்.

பதினேழு வயதில் பெரியவர்கள் அணியில் இடம் கிடைத்தது. எங்கள் கிளப் இரண்டாம் டிவிஷனில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவன் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடது காலால் அடிப்பான். வருவான் என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்டாண்ட் அவனுக்கென்று ஒரு பாட்டுக் கட்டியது: 'எங்க பையன், எங்க மண்ணு.' மொத்தமே அந்த ஒரு வரிதான். தன் மகனின் பாட்டுக்கு ஸ்தான் டிரம் அடிக்கும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மறு வருஷம் கோடையில் கிளப் தலைவர் தெல்காம்ப்ர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பாதாமிப் பழம் வைத்துச் சுட்ட டார்ட் என்ற இனிப்பு. தெற்கே கடற்கரை நகரத்துப் பெரிய கிளப் ஒன்று கெய்த்தானைப் பெரிய தொகைக்குக் கேட்கிறது என்றார்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கயே ஆடுறேன் சார். எனக்குப் பதினெட்டுதானே ஆகுது" என்றான் பையன்.

"எனக்கு மட்டும் உன்னை அனுப்ப ஆசையா தம்பி? நீ போனாத்தான் கிளப்பு உசுரோட இருக்கும். இல்லன்னா கதவுக்குப் பூட்டுதான்."

பையன் அப்பாவைப் பார்த்தான். ஸ்தான் டார்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கிளப்புக்காகன்னா போவான்."

அவ்வளவுதான். மறுநாள் காலைப் பத்திரிகையில் தலைவரின் பேட்டி. 'பையன் போயே தீருவேன் என்றான். பறக்கத் துடிக்கிறவனைக் கூண்டில் வைக்க முடியுமா?' மரீஸ் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்தாள். "பத்திரிகை ஆபீசுக்கு எந்த பஸ் ஜில்பேர்? இந்தப் பொய்யை நான் கேட்டுட்டு வரேன்." பின்னாலேயே வந்த ஸ்தான் அவள் கையிலிருந்து பேப்பரை வாங்கினார். "விடு. கிளப்பு பேரு கெட்டுடும்."

"அப்போ உன் மகன் பேரு?"

அவர் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஊர் பேப்பரை நம்பியது. நம்புவதுதான் ஊருக்குச் சுலபமாக இருந்தது. வந்த பணத்தில் தெல்காம்ப்ர், முழங்கால் தேய்ந்த மூன்று பழைய ஆட்டக்காரர்களை வாங்கிப்போட்டார். அவர்கள் மைதானத்தில் நடந்தார்கள்.

தெற்கே கெய்த்தானுக்கு நல்ல வீடு கொடுத்தார்கள். ஆட வாய்ப்புக் கொடுக்கவில்லை. இரண்டு ஆட்டங்களின் கடைசியில் மாற்று ஆளாக இறக்கினார்கள். இரண்டிலும் அவன் காலுக்குப் பந்து வந்து சேர்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். பிறகு, பழகட்டும் என்று ரோஷ்மார் என்ற சிறிய கிளப்புக்கு இரவலாக அனுப்பிவிட்டார்கள். அதுவும் இரண்டாம் டிவிஷன். ஆக, எங்களோடும் ஆட வேண்டிய அணி. மழை ஓயாத ஊர், காலி இருக்கைகள். ஆனாலும் அங்கே அவன் கால் விழித்துக்கொண்டது. "இப்பத்தான் ஜில்பேர் மறுபடியும் கால்பந்து மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னான். அவனுக்கு அப்போது பத்தொன்பது.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில், ரோஷ்மாரோடு வந்து விழுந்தது. ரோஷ்மாருக்கு ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். பட்டியலின் நடுவில் பத்திரமாக இருந்தார்கள். எங்களுக்கோ சமன் செய்தால் பிழைப்பு. தோற்றால் மூன்றாம் டிவிஷன், அதற்குமேல் கிளப்பைத் தாங்கப் பணமில்லை. இது ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

முந்தின நாள் அவன் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான். "கணுக்கால் வலிக்குதுன்னு சொல்லிடவாம்மா?"

"சொல்லுடா. பொய்னாலும் பரவால்ல, சொல்லு."

சொன்னான். ரோஷ்மார் கோச் கணுக்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வலி கால்லயா, ஊர்லயா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, பெஞ்சுல உக்காரு. தேவைப்பட்டா மட்டும்தான் கூப்பிடுவேன்." நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டாம் பாதியில் அவர்களுடைய ஆட்டக்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த இடத்தில் ஆட வேறு ஆளில்லை.

நான் கடையைப் பூட்டிவிட்டு வடக்கு ஸ்டாண்டில் ஸ்தானுக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றிருந்தேன். இருபக்கமும் கோல் இல்லை; அதுவே எங்களுக்குப் போதும். கெய்த்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகே வந்ததும் ஸ்டேடியமே ஊளையிட்டது. அவன் ஓரமாக நின்று, வருகிற பந்தையெல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். யாரையும் கடக்க முயலவில்லை. ஒருமுறை வழி திறந்தே கிடந்தது, திரும்பி ஓடினான். என் பக்கத்தில் நின்ற கிழவர்கூட, "பய நம்ம பக்கம்தான் ஆடுறான்" என்று முணுமுணுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டாண்டில் பாட்டு எடுத்துக்கொடுக்கக் கையில் ஒலிபெருக்கி வைத்திருக்கும் ரெஜிஸுக்கு அது போதவில்லை. பழைய பாட்டையே எடுத்தான், பின்பாதியை மாற்றி: 'எங்க பையன், வித்த பையன்.' நூறு பேர் பிடித்துக்கொண்டார்கள். டிரம் மட்டும் சும்மா இருந்தது. டிரம் இல்லாத பாட்டு தண்ணீர் ஊற்றிய பீர் மாதிரி, பாடுகிறவனுக்கே பிடிக்காது. ரெஜிஸ் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

"என்ன ஸ்தான், கை மரத்துப் போச்சா?"

ஸ்தான் மைதானத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"நீ கிளப்பு ஆளா, அவன் அப்பனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா இன்னைக்கு!"

யாரோ சிரித்தார்கள். முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அத்தனை வருஷமாக அவரோடு மழையில் நனைந்தவர்கள். அவருக்கு அவர்களைத் தவிர வேறு நண்பர்கள் கிடையாது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குச்சி டிரம் மேல் இறங்கிவிட்டது.

ஸ்டாண்ட் அதிர்ந்தது. அப்படி ஒரு பாட்டு அந்த வருஷம் முழுக்க நாங்கள் பாடியதில்லை. கீழே, ஓடிக்கொண்டிருந்த கெய்த்தான் நின்றான். நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அவனோ பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

அதன்பிறகு அவன் பந்தைக் கையை நீட்டிக் கேட்க ஆரம்பித்தான்.

அது எப்படி முடிந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வலது ஓரம், உள்ளே ஒரு வெட்டு, எங்கள் ஆள் இருவர் புல்லில் உட்கார்ந்தார்கள், இடது கால். சத்தமே வரவில்லை. பந்து மேல் மூலையில் போய் வலையைத் தொட்டபோதுகூட, கோல் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டிப்பிடிக்க வந்த சொந்த அணிக்காரர்களை அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே நின்றான். மேலே டிரம் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசில்.

அன்று என் கடையின் முன்கண்ணாடி போனது. நோவிக்கி வீட்டுக் கதவில் கறுப்புப் பெயின்ட் ஊற்றினார்கள். ஸ்தானே உட்கார்ந்து சுரண்டினார். கோடைக்குள் கிளப் திவாலானது. அகாடமிக்குப் பூட்டு, கூடவே கேன்டீனுக்கும். தெல்காம்ப்ர் வேறு ஊரில் வேறு வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். போகும்போது, 'கால்பந்து இரக்கமில்லாதது' என்று பேட்டி கொடுத்தார். ரொட்டிக்கடையில் மரீஸுக்கு மட்டும் ரொட்டி தீர்ந்துபோயிருக்கும். அவள் பின்னால் நிற்பவளுக்குக் கிடைக்கும்.

ரோஷ்மார்காரர்களாவது அவனைக் கொண்டாடினார்களா என்றால், அதுவும் இல்லை. 'கோல் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல நின்றவன் நமக்கெதற்கு?' என்றார்கள். தெற்கே பெரிய கிளப்பில், மனம் பலமில்லாத பையன் என்று சொல்லி இளையவர் அணியோடு பயிற்சி செய்ய வைத்து, பிறகு பெல்ஜியத்தில் ஒரு சின்ன கிளப்புக்குக் கைமாற்றிவிட்டார்கள். அந்தக் கோலுக்காக ஒரு மனிதர்கூட அவன் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. நான் பார்த்ததிலேயே மிக அழகான கோல் அது. இதை என் கடையில் நான் சொல்ல முடியாது.

மரீஸ் அந்த இலையுதிர் காலத்தில் பெட்டி கட்டினாள். கிளம்பும்போது புருஷனிடம் சொன்னதை அவளே என்னிடம் சொன்னாள்: "ஊரே பாடட்டும், நான் பொறுத்துக்குவேன். நீ தாளம் போட்ட பாரு, அதோட முடிஞ்சுது நமக்கு." பெல்ஜியத்தில் மகனோடு இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது.

அன்று ஏன் டிரம் அடித்தார் என்று ஸ்தானிடம் நான் ஒருமுறை கேட்டேன். கிளாஸைத் திருப்பிக்கொண்டே, "எல்லாரும் பாத்தாங்க ஜில்பேர். கை தானா போயிருச்சு" என்றார்.

போன மார்ச்சில் கெய்த்தான் வந்தான். இருபத்துமூன்று வயது, முன்நெற்றி ஏறியிருந்தது. பாட்டனார் கல்லறை சம்பந்தமாக ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தானாம். மதிய நேரம், கடையில் நாலைந்து பேர்தான். அவனைப் பார்த்ததும் சீட்டாட்டம் நின்றது. நான் அவனுக்குக் காப்பி கொடுத்தேன்.

"அந்த ஆட்டத்துல கோல் போடணும்னு நினைச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல ஜில்பேர். பாட்டு காதுல விழுந்துச்சு, பாடிட்டுப் போகட்டும்னு விட்டேன். அப்புறம் டிரம்மு. நூறு டிரம்முல அவரு டிரம்மு எனக்குத் தெரியும். மூணாவது அடியில கொஞ்சம் பிந்துவாரு." காப்பியைக் கலக்கினான். "கோல் அடிச்ச உடனே நினைச்சேன், இனிமே நானும் அவரும் சமம்னு. சமமாகல."

அப்போது கதவு திறந்து ஸ்தான் உள்ளே வந்தார். சாலை வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் அங்கி, பூட்ஸில் தார். அவன் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு நொடி வாசலில் நின்றார். பிறகு, கடைக்குள் வரும் எவனும் செய்வதுபோல, வாசலிலிருந்து ஒவ்வொருவருக்காய் வணக்கம் சொல்லிக் கைகொடுத்துக்கொண்டே வந்தார். தபால்காரருக்கு, ரெஜிஸின் தம்பிக்கு, சீட்டாடும் இரு கிழவர்களுக்கு. கெய்த்தானிடம் வந்தார். கையை நீட்டினார். அவன் பிடித்தான்.

"வணக்கம்" என்றார்.

"வணக்கம்" என்றான்.

எனக்கும் கைகொடுத்துவிட்டு, கவுன்டரின் அந்தக் கோடியில் போய் நின்று, வழக்கமான பீரைக் குடித்து, காசை வைத்துவிட்டு வெளியேறினார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சீட்டாட்டம் மறுபடி தொடங்கியது.

கெய்த்தான் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை ஐஸ் மாதிரி இருக்கு ஜில்பேர். கையுறை போடாமலா வேலைக்குப் போறாரு?"

"தெரியலப்பா" என்றேன்.

காப்பி அப்படியே இருந்தது. வெளியே வந்து காரைக் கிளப்பினான். மூலையில் ஸ்தானின் ஆட்கள் சாலையைத் தோண்டி வைத்திருந்ததால், சுற்றுவழியாகத்தான் அவன் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.