கழுவக் கூடாத முட்டை

எனக்கு வடிவாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. மறதியும் கூட. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்கிற ஊருக்கும் அப்பால் ஒரு மீன் பண்ணையில் வேலை செய்தேன். ஸ்டர்ஜன் என்கிற பெரிய மீன் வளர்க்கிற இடம். தொட்டியில் வளரும் பெண்மீன் தானாக முட்டை விடாது. ஹோர்மோன் ஊசி போட்டுக் காத்திருந்து, முட்டை கழன்றதும் வயிற்றைத் தடவி ஒரு பேசின் பாத்திரத்தில் எடுப்போம். பிறகு ஆண்மீனின் மில்ட்டைக் கலப்போம். (மில்ட் என்னவென்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, விளங்கிக்கொள்ளுங்கள்.) அதற்கு முன் முட்டையில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் கொஞ்ச நேரத்தில் முட்டை மூடிக்கொள்ளும், பிறகு கரு பிடிக்காது.

அந்த வருஷம் ஊசிக்கு இசைந்தது ஒரே ஒரு மீன். முட்டை முழுவதும் ஒரு பேசினில். பக்கத்தில் புஷ்பம். நாங்கள் குடியிருக்கிற லாசாலில் என் பக்கத்து வீட்டுக்காரி. நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. முட்டையில் ஒரு கீற்று இரத்தம் தெரிந்தது. மீன் சினையில் இரத்தம் கண்டால் எங்கள் பெண்களின் கை சும்மா இருக்குமா? கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

"ஐயோ புஷ்பக்கா! என்ன செய்யிறியள்?" மேற்பார்வையாளர் தேவன், மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, மில்ட்டோடு ஓடிவந்தார்.

"இரத்தமாக் கிடக்குது தம்பி. ஒருக்கா அலம்பி விட்டனான்."

"கறிக்கோ அலம்பினனீங்கள்? நில்லுங்கோ, மஞ்சளும் உப்பும் கொண்டாறன்!"

பகிடிதான், ஆனால் முகம் வெளிறிப் போயிருந்தது. தண்ணீரை வடித்து, உடனே மில்ட்டை ஊற்றினார். முட்டை உடையாமல் நான் இறகால் கலக்கினேன்.

"என்னை வீட்டை அனுப்பிப் போடுவினமோ?" என்றாள் புஷ்பம்.

"குஞ்சு பொரிச்சா ஒருத்தரும் கேக்கமாட்டினம். பொரிக்காட்டி முதலாளிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அதன்பிறகு காலையில் கோட்டைக் கழற்றாமலே புஷ்பம் முட்டையைப் பொரிக்க வைத்த சாடியடிக்கு ஓடுவாள். வெள்ளையானது செத்த முட்டை. அரைவாசிக்கு மேல் வெளுத்தது. அவளும் சேர்ந்து வெளுத்தாள். ஒருநாள் வால் முளைத்த கறுப்புத் துளிகள் நெளிந்தன.

"துப்பரவான பிள்ளையள்," என்றார் தேவன். "கழுவிப் பிறந்ததுகளெல்லோ."

புஷ்பம் சாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சமையல் கையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். புஷ்பத்திடம் இதைச் சொன்னால், "அப்ப தேவனுக்கு மத்தியானச் சோறு ஆர் கட்டுறது?" என்கிறாள்.

ஊசி எத்தனை தரம் போட்டோம், தண்ணீர் எவ்வளவு குளிர் என்பதெல்லாம் மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். குஞ்சு பொரித்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது நான் கண்ணால் கண்டது.