இரண்டு ஊரில் ஒரே பிள்ளைத்தாய்ச்சி

சேலத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தலைப்பிரசவப் பெண்களின் கர்ப்பகாலப் பதிவையும் பிரசவப் பதிவையும் கணினியில் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான் என் வேலை. எந்த ஊர்ப் பெண்களுக்குச் சரியான கவனிப்பு கிடைக்கவில்லை என்று அதில் தெரியும். அந்த ஊருக்கு வாரம் ஒருநாள் மருத்துவ வேன் போகும்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், முக்கால்வாசி கூலிக் குடும்பங்கள். வேன் முதலில் போகவேண்டிய ஊர் அதுதான் என்று அங்கே ஒருமுறை போய்வந்த யாருக்கும் தெரியும். எங்கள் பட்டியலிலோ அது கவலையே இல்லாத ஊர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோண்டிப் பார்த்தேன். அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுகிறார்கள். கர்ப்பகாலப் பதிவு புருஷன் ஊரில், புருஷன் பெயரோடு. பிரசவப் பதிவு தாய்வீட்டு ஊரில், அப்பன் பெயரோடு. கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். பொருந்தாத பதிவை நீக்கிவிடு என்பது விதி. நீக்கியபின் மிஞ்சியது, சொந்தக் காரில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாலைந்து வீடுதான்.

மேலதிகாரியிடம் ஓடினேன்.

"எல்லா ஊர்லயும் கொஞ்சம் விடுபடும்மா. நீக்குனதையெல்லாம் அறிக்கையில எழுதுனா ஆயிரம் கேள்வி வரும்."

"எத்தனை பேர்ங்கிறது இல்ல சார், யாரு விடுபட்டாங்கன்னு பாருங்க."

செவிடன் காதில் ஊதிய சங்கு. அறிக்கை அப்படியே போனது. வேன் வேறு ஊருக்கு என்று முடிவாயிற்று.

மனசு கேட்காமல் டவுன் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை இடுப்பில் இருந்தது.

"ஏனுங்க, தலைச்சனுக்கு அம்மா ஊட்டுக்குப் போவாம வேற எங்கீங்க போறது? இதுகூடத் தெரியாம எவனுங்க அந்த விதிய எழுதுனான்?"

அவள் விடவில்லை.

"அப்ப வேன் வராதுங்களா?"

"இந்த வருசம் வராதுங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த விதியை எழுதியவள் நான். என் தலைச்சன் பிறந்தது ராசிபுரத்தில், என் அம்மா வீட்டில் இருந்தபோதுதான்.