பாக்கியம் அக்கா அளந்தது சரி

ஒருவர் மனமாரச் செய்த காரியம் இன்னொருவருக்கு அநியாயமாக முடிந்தால், யார் மேல் கோபப்படுவது? பல நாளாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. கோபம் மட்டும் குறையாமல் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திய, நாங்கள் பாக்கியம் அக்கா என்று கூப்பிட்ட பாக்கியலட்சுமி இறந்த செய்தி, நான் தேர்வறைக் கண்காணிப்பில் இருந்தபோது வந்தது. அவருடைய தம்பி ராமராஜ் போனில் பேசினார். "டீச்சர், அக்கா போயிட்டா" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "ஒரு வகையில நல்லதுதான். கடைசில அவளுக்கு நெனவு சரியில்லல்ல" என்றார். மணி அடிக்கும்வரை பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. துக்க வீட்டில் அது வாய்க்கு வாய் வளர்ந்து, "மீன் தொட்டியில் உப்பைக்கூட அளக்கத் தெரியாமல் போய்விட்டார் பாவம்" என்று ஆகியிருந்தது. அக்காவை அறிந்தவர்களுக்கு அதை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்த வீட்டின் முன்னறையில் அக்கா ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், பாறைமேல் கொஞ்சம் பவளம். ராமராஜின் பேண்டேஜ் கம்பெனிக்கு வந்த ஒருவர், "கடலே இல்லாத ஊர்ல கடல் மீனு எதுக்கு?" என்று கேட்டார். "பனியே பெய்யாத ஊர்ல நீங்க ஃப்ரிட்ஜ் வச்சிருக்கீகள்ல, அதுக்குத்தான்" என்றார் அக்கா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொட்டியில் நீர் குறைந்திருந்த ஒரு நாள், உப்புநீர் கலந்து ஊற்ற வேண்டாமா என்று நான் கேட்டேன். "ஏட்டி, காத்து தண்ணியத்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது" என்றார். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு டேப் வரைக்கும் வடிகட்டிய வெறும் நீரைத்தான் ஊற்றுவார். உப்பை அளக்க, சிறிய தொலைநோக்கி போன்ற ஒரு கருவி இருந்தது. அதன் முனையிலுள்ள கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. கடலுக்கு முப்பத்தைந்து. தொட்டிநீரைப் பார்ப்பதற்கு முன் வெறும் நீரை விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் இருக்கமாட்டார். "மொதல்ல கருவியச் சந்தேகப்படு. பொறவு உன் கையை. அதுக்குப் பொறவுதான் தண்ணிய" என்பார்.

கல்லூரியிலும் அவர் இப்படித்தான். செய்முறைத் தேர்வில் எல்லா மாணவிகளும் புத்தகத்தில் உள்ள விடையை எழுதிவைத்துவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னால் நிரப்புவார்கள். ஒருமுறை ஒருத்தி மட்டும் தனக்குக் கிடைத்த பொருந்தாத எண்ணையே எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைக்கப் போனபோது அக்கா விடவில்லை. "இந்த ஹால்ல இவ ஒருத்திதான் சார் சோதனை செஞ்சிருக்கா. மத்தவளுக எழுத்துப் பரீட்சை எழுதியிருக்காளுக" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் நினைவு சரியில்லை என்றார்கள்.

மதுரையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு தொட்டியில் உப்பு ஏறியது. நீர்மட்டம் டேப்பில்தான் நின்றது. கருவி பூஜ்யத்தைச் சரியாகக் காட்டியது. ஆனாலும் கோடு முப்பத்தெட்டுக்குப் போனது. பவளம் சுருங்கியது. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிநீரை எடுத்துவிட்டு வெறும் நீரை ஊற்றி இறக்குவார். அடுத்த வாரம் மறுபடி ஏறியிருக்கும். யாராவது உப்பைப் போடுகிறீர்களா என்று தம்பியிடம் கேட்டார். "இந்த வீட்டுல உன் தொட்டியத் தொட யாருக்கு தைரியம் இருக்கு? மருந்து மயக்கம்க்கா, படு" என்றார் ராமராஜ். நானும் அளந்து பார்த்து, அதே எண்தான் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். "அப்ப கருவியும் கீமோ எடுத்திருக்கும் போல டீச்சர்" என்று சிரித்தார். உள்ளே அடுப்படியில் நின்ற அவர் மனைவி சரோஜாவிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவரிடம் சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் கேட்கும் வழக்கம் இல்லை.

கடைசியில் அக்கா கருவியை என் கையில் கொடுத்துவிட்டார். "உப்பு தானாப் பெறக்காது. யாரும் போடலன்னா நாந்தான் தப்பு. என் கண்ணு சொல்லுதத இனிமே நான் நம்பல." எனக்கும் அதுதானே தெரிந்தது என்றேன். "நான் நம்பரச் சொன்ன பொறவுதான நீ பாத்த? நான் சொன்னது ஒனக்குத் தெரியத்தான் செய்யும்" என்றார். வாழ்நாள் முழுக்கச் சரியாகச் சந்தேகப்படப் பழகிய ஒருவரை, அவருடைய புத்தியையே சந்தேகப்பட வைத்தார்கள். அப்படியேதான் அவர் இறந்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இறுதிக் காரியங்கள் முடிந்த பின்னும் தொட்டியைப் பார்க்க நான் போய்க்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடப்பதற்கு முந்தைய நாள் அளந்தபோது கோடு முப்பத்தைந்தில் அசையாமல் நின்றது. "இப்ப ஏறவே இல்லையே" என்றேன், எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

காப்பியோடு வந்த சரோஜா, "எப்படி ஏறும்? நாந்தான் நிறுத்திட்டேனே. இனி யாருக்குப் போட?" என்றார்.

அவராகவே சொன்னார். "ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயில் தெப்பத்துல உப்புப் போடுதேன்னு நேந்துக்கிட்டேன் டீச்சர். உப்பு கரையுத மாதிரி மதினி நோவு கரையணும்னு. படுத்துக் கெடந்த அவியள விட்டுட்டு வாராவாரம் அங்க போக முடியல. இதும் உப்புத் தண்ணிதான, ஒரு கைப்பிடி கல்லுப்பு என்ன செஞ்சிரப் போவுதுன்னு இதுலயே போட்டேன். கோயில் இருக்க தெசையக் கும்பிட்டுத்தான் போட்டேன்."

அந்தக் கைப்பிடி என்ன செய்தது என்பதைச் சொன்னேன். அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். "அப்ப மதினி சரியாத்தான் பாத்திருக்காவ" என்றார்.

ராமராஜ் வந்ததும், நாளைய கூட்டத்தில் இதைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "விடுங்க டீச்சர். செத்தவளுக்கு இனி என்ன ஆவப்போவுது? உசுரோட இருக்கவ பேருல்லா கெடும்" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது கருவியை அல்ல. அது தொட்டி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். படுக்கையில் கிடக்கும் ஒருவர் வாயைத் திறந்தால் பேசுவது அவர்தான், அவருடைய நோய் அல்ல. இதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. கல்லூரி அரங்கில் மேடையில் பேசிய ராமராஜ், கடைசி மாதங்களில் அக்கா உப்பு ஏறுகிறது, உப்பு ஏறுகிறது என்று குழம்பியதைச் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் பேசும் முறை வர இன்னும் இரண்டு பேர் பேச வேண்டியிருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து சரோஜா எழுந்தார். "மதினி அளந்தது சரி. உப்ப நான் போட்டேன்" என்றார். அவரிடம் மைக் இல்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. தலைமை வகித்தவர், "குடும்பத்தாரின் துயரம் எங்களுக்குப் புரிகிறது, உட்காருங்கள் அம்மா" என்றார்.

"துக்கத்துல சொல்லல சார். நடந்ததச் சொல்லுதேன்" என்றார் சரோஜா. உட்காராமல், பின்வரிசைப் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து சத்தமாகச் சொன்னார்.