ரொஹ்தை அக்காவின் குளத்து மூங்கில்

அடுப்புப் பொறி பறந்து எங்கள் வீடு எரிந்த மறுநாள், வாசலில் மூங்கில் கால்கள் குவிந்து கிடந்தன. மேலெல்லாம் கருஞ்சேறு, தெருமுனை வரை நாற்றம். போட்டது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்றம் எங்கள் ஊரில் ஒரே குளத்துக்குத்தான் உண்டு.

அது ரொஹ்தை அக்காவின் குளம். கணவரை இழந்தவர். இடிந்த தன் வீட்டைக் கட்டத்தான் குளிர் தொடங்கும்போதே மூங்கில் வெட்டி அதில் ஊறப்போட்டிருந்தார். அந்தப் பக்கம் போகும் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏ ரொஹ்தை, உள்ள என்ன, செத்த எருமையா?" என்பார்கள்.

"உன் மாமியாரத்தான் ஊறப்போட்டிருக்கேன்" என்பார் அக்கா, சிரிக்காமல்.

கைக்குழந்தையோடு அவரிடம் ஓடினேன். "அக்கா, இது உன் வீட்டுக்கு வச்சதாச்சே! நாங்க பச்சை மூங்கில் வெட்டிக்கறோம்."

"சோத் மாசத்துலயா, குளிர் போய் வெயில் ஏறுற நேரத்துல? புதுக் குருத்து விடணும்னு மூங்கில் இப்பதான் உடம்பெல்லாம் மாவு சேர்த்து வச்சிருக்கும். கரையானுக்கு விருந்துதான். தண்ணியில கிடந்தா அந்த மாவு கரைஞ்சு போயிடும், நாத்தமே அதுதான். பிள்ளைக்காரி, புயல் வர்றதுக்குள்ள கூரையைப் போடு, போ."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, ஒண்டிக்கட்டை."

அவர் பச்சை மூங்கிலை நட்டு வீடு கட்டிக்கொண்டார். அடுத்த வருடமே கால்களில் மண்கோடு ஏறியது. தட்டினால் தூளாகக் கொட்டும். விடிந்ததும் அந்த மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, குளித்து, ஊர்ப் பிரார்த்தனைக் கூடமான நாம்கரில் விளக்கேற்றப் போவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் வீட்டுக் கால்களில் ஒரு பூச்சி ஏறவில்லை. அவற்றில் சாய்ந்து உட்காரவும் எனக்குக் கூசும்.

குளிர் வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, அக்காவுக்கென்று அவர் குளத்திலேயே அமிழ்த்தினோம். அது ஊறி முடிவதற்குள் அவர் வீட்டின் நடுக்கால் முறிந்தது. தேஜ்பூரிலிருந்து அக்காவின் அண்ணன் வந்து அவரை அழைத்துப் போனார். அங்கேயே ஹரி பகவான் அக்காவைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். அந்த மூங்கில் இன்று நாம்கரின் முன்கூரையைத் தாங்கி நிற்கிறது.

பேருந்து நிறுத்தத்தில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். "போகாத அக்கா. இப்பவே எடுத்து நட்டுடறோம்" என்று அழுதேன்.

"எடுத்தியோ, கையை ஒடிப்பேன். நல்லா ஊறட்டும். குளத்துல என்ன நாத்தம்னு யாராச்சும் கேட்டா, ரொஹ்தை வீடு ஊறுது, அவ வந்துடுவான்னு சொல்லு."