சோடாபுட்டியின் பாஸ்வேர்ட்

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், கெஞ்ச மாட்டேன். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று எவன் சொன்னானோ! எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

ஆஸ்பத்திரியில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்கேன் படங்களை டாக்டர்கள் அதில்தான் திறந்து பார்ப்பார்கள். அன்று பாஸ்வேர்ட் ஃபைல் கெட்டுப்போய், ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. மேல்மாடியில் என் அக்கா தலையில் அடிபட்டுக் கிடந்தாள். படத்தைப் பார்த்தால்தான் ஆபரேஷன். எனக்குக் கை ஓடவில்லை.

டாக்டர்களின் பெயர்களைப் படித்து, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் போட்டு, புது ஃபைல் எழுதித் தரும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராமை ஓட்டினேன். கடைசியில் ஒரு வரி கூடுதலாக வந்தது. பெயர், சோடாபுட்டி.

எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி சோடாபுட்டி. ஸ்கிரிப்டில் அந்தப் பெயர் இல்லை. நான் கொடுத்த பெயர்களிலும் இல்லை.

ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டை அப்படியே எழுதாமல், யாரும் படிக்க முடியாதபடி குழப்பித்தான் எழுதும். ஒவ்வொரு முறையும் அந்தக் குழப்பல் மாறியே தீரும். எல்லோருக்கும் மாறியிருந்தது. இவனுக்கு மட்டும் ஓர் எழுத்துகூட மாறவில்லை...

வரியை அழித்துவிட்டு ஃபைலைச் சர்வரில் வைத்தேன்.

டிக்.

பக்கத்து மேஜை மௌஸ். நாற்காலியில் ஆளில்லை.

திரையில் ஒரு வரி ஓடியது. சோடாபுட்டி உள்ளே வந்துவிட்டான். திறந்தது... அக்காவின் படம்.

டிக். அதே படம்.

டிக்... டிக்...

சர்வரையே நிறுத்தினேன்.

சத்தம் நின்றது.

போன் அடித்தது. அக்கா.

"டேய், இப்ப ஒரு டாக்டர் வந்தாருடா. உன் தம்பி கதவைச் சாத்திட்டான், அதான் நேர்ல வந்தேன்னாரு."

"வேற... வேற என்ன சொன்னாரு?"

"வலது பக்கம், பின்னால பாக்கச் சொல்லுன்னாரு."

சர்வரைக் கிளப்பிவிட்டு மேலே ஓடினேன். அக்கா சொன்ன இடத்தைச் சொன்னதும் ஆபரேஷன் டாக்டர் என்னை முறைத்தார். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வலது பக்கம், பின்னால், ரத்தக்கட்டு. அக்கா பிழைத்தாள்.

ஏதோ பழைய ஃபைலில் ஒட்டிக்கிடந்த பெயர் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகொரு நாள் தலைமை நர்சிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"எக்ஸ்ரே டாக்டருக்கு நாங்க வெச்ச பட்டப்பேருப்பா அது. தடிக் கண்ணாடி போட்டிருப்பாரு. பாவம், போய்ச் சேந்துட்டாரு."

"எப்போ?"

"அது ஆச்சு எத்தனையோ வருஷம். அப்போ இந்த ஆஸ்பத்திரியில ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாதே."