கழுவிய பானை

யுத்தம் முடிந்த சமயம், செந்துறைப் பக்கம் பழைய பானைகளைத் தோண்டியெடுத்த இடத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கேதான் மதராஸிலிருந்து வந்த அந்த ரசாயனக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, அமிலம் பட்டு மஞ்சளான விரல்கள். எந்தப் பானையோட்டை எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். உள்ளே சாப்பாடு தீய்ந்து ஒட்டிய பானை ஒன்று கிடைத்தால், அதைச் சுரண்டிச் சோதித்து அந்தக் காலத்து ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்பார்.

மூன்று மாதம் கழித்து அப்படி ஒன்று கிடைத்தது. அவர் சோதனைக்கான மருந்துப் பெட்டியை எடுத்துவரப் போனார். அதற்குள் மண் சுமக்கும் பெண் ஒருத்தி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"உள்ள ஒரே தீஞ்ச கருக்குங்க. அப்படியே ஐயா கையில குடுக்கலாமுங்களா?"

நான் கத்தப் போனேன். பெட்டியோடு திரும்பி வந்தவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பானைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"கழுவும்போது ஏதாவது வாசனை வந்துச்சாம்மா?"

"இல்லைங்க. வெறும் கரிதானுங்க."

"நல்லா கழுவியிருக்கீங்க" என்றார்.

மறுநாள் அரியலூர் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றிவிட்டேன். வழியெல்லாம் அவளைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அது எப்படி அவரால் முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"வேற பானை கிடைச்சா எழுதறேன், சார்" என்றேன்.

"எழுதுங்க" என்றவர் விலாசம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.